கியர் இல்லாத சைக்கிளுக்கு பிரேம் பார்ப்பது எப்படி: கடற்கரைக்காரர்களுக்கு

சைக்கிளில் எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சீட்டு உறுத்தினால் வேறு சீட்டு, பிரேக் பிடிக்காவிட்டால் வேறு பிரேக். ரிம் கோணினால் கோட்டம் எடுக்கலாம், முடியாவிட்டால் புது ரிம் போடலாம். பிரேம் மட்டும் வாங்கினது வாங்கினதுதான். அதில் இல்லாத ஓட்டையையும் இடத்தையும் பிறகு கொண்டுவருவது பெரும்பாடு. அதனால் யாராவது "அக்கா, ஒரு சைக்கிள் பார்க்கணும், வரீங்களா" என்று கூப்பிட்டால், பெயிண்டையும் ஸ்டிக்கரையும் விட்டுவிட்டு நேராகப் பின் சக்கரத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவேன். கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நான் இருப்பது பாம்பன் சின்னப்பாலத்தில். கடலில் பாசி எடுக்கும் பெண்களுக்குக் கணக்கு எழுதுவது வேலை. அக்காள்மடம், தங்கச்சிமடம், சில நாள் பாலம் தாண்டி மண்டபம் என்று கரையோரமாகவே ஓட வேண்டும். கேரியரில் நோட்டுப் பையும் தராசும் இருக்கும். திரும்பும்போது யாராவது காய்ந்த கட்டக்கோரைப் பாசி ஒரு மூட்டையை ஏற்றிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் தண்ணீர்க் குடம். இதற்கெல்லாம் கியர் சைக்கிள் தோதுப்படாது. தரை முழுக்கச் சமம், மேடு என்றால் பாம்பன் ரோட்டுப் பாலம் ஒன்றுதான். மணலும் உப்பும் ஏறினால் கியரின் சின்னச் சக்கரங்களும் ஸ்பிரிங்கும் கேபிளும் இறுகிப்போகும். முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு ஃப்ரீவீல், நடுவில் செயின். எங்களுக்கு இது போதும். ஆனால் அதற்கென்று அமைந்த பிரேமாகப் பார்த்து எடுக்க வேண்டும். கியர் சைக்கிளுக்காகச் செய்த பிரேமில் கியரை மட்டும் விட்டுவிட்டு விற்பதும் இப்போது உண்டு. அங்கேதான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக்ஸில் உட்காரும் காடி

பின் சக்கரத்தின் ஆக்ஸில் பிரேமில் உட்காரும் இடத்தைக் குனிந்து பாருங்கள். இரண்டு பக்கமும் தகட்டில் ஒரு காடி வெட்டியிருக்கும். அது படுக்கையாக இருந்தால் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தலாம். மேலும் கீழுமாக வெட்டியிருந்தால் சக்கரம் ஒரே இடத்தில்தான் உட்காரும். கியர் சைக்கிளுக்கு இந்த நிமிர்ந்த காடி போதும், ஏனென்றால் செயின் தொய்ந்தால் கியரின் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். நமக்கு ஸ்பிரிங் கிடையாது. செயினை இறுக்க வேண்டுமென்றால் சக்கரத்தைப் பின்னால் தள்ளியாக வேண்டும். காடி நிமிர்ந்திருக்கிற பிரேமில் தனியாக ஒரு செயின் டென்ஷனர் மாட்டலாம் என்று சொல்வார்கள். மாட்டலாம். மறுபடியும் ஒரு குட்டிச் சக்கரம், ஒரு ஸ்பிரிங், மறுபடியும் மணல். எதை வேண்டாம் என்று விலகினோமோ அதையே காசு கொடுத்து வாங்குகிற கதை.

படுக்கைக் காடி என்றால் மட்டும் போதாது, அதன் நீளத்தையும் பாருங்கள். இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். உள்கண்ணி ஒன்றும் வெளிக்கண்ணி ஒன்றும் சேர்ந்தால்தான் ஒரு ஜோடி, அதனால் செயினைக் குறைக்கும்போது ஒரு அங்குலமாகத்தான் குறைக்க முடியும். செயின் மேலே ஒரு ஓட்டம், கீழே ஒரு ஓட்டம். ஆக ஒரு அங்குலம் குறைத்தால் ஆக்ஸில் அரை அங்குலம், அதாவது சுமார் 13 மி.மீ. முன்னால் வரும். காடியில் ஆக்ஸில் நகர அந்த 13 மி.மீ. கூட இல்லையென்றால், ஒரு கண்ணி கூடினால் தொங்கும், ஒரு கண்ணி குறைந்தால் எட்டாது. அரைக் கண்ணி போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் எல்லாக் கடையிலும் அது இருக்காது.

ஃப்ரீவீலை மாற்றுவதற்கும் இந்த இடம் வேண்டும். பின்னால் ஒரு பல் கூடினால் ஆக்ஸில் சுமார் 3 மி.மீ. முன்னால் வரும். நான் ஏன் ஃப்ரீவீலை மாற்றுகிறேன் என்றால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக்காக. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் 28 அங்குலச் சக்கரத்தில் பெடல் ஒரு சுற்றுக்கு சைக்கிள் 5.5 மீட்டர் அளவுக்குப் போகும். மற்ற மாதங்களில் அது சுகம். ஆனி, ஆடியில் மண்டபம் பக்கம் போகப் பாலம் ஏறும்போது காற்று முன்னாலும் பக்கவாட்டிலும் அறையும். அப்போது 20 பல் ஃப்ரீவீல் போட்டால் ஒரு சுற்றுக்கு 5 மீட்டர்தான் போகும், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது. 18-லிருந்து 20-க்குப் போக 6 மி.மீ. இடம். அப்புறம் செயின் தேயத் தேய இழுத்துக்கொள்ள மீதி இடம். எல்லாம் சேர்த்து ஆக்ஸில் 20 மி.மீ. நகர்ந்தால் அந்தப் பிரேமை எடுக்கலாம். கையில் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டே போங்கள், கடைக்காரர் சொல்லும் "நல்லா இருக்கும்" என்பதற்கு அளவு கிடையாது.

காடியின் வாய் முன்பக்கம் திறந்திருக்கலாம், பின்பக்கம் திறந்திருக்கலாம். பின்பக்கம் திறந்ததில் செயின் அட்ஜஸ்டர் நன்றாக மாட்டும், எவ்வளவு மிதித்தாலும் ஆக்ஸில் முன்னால் வழுகாது. ஆனால் சக்கரத்தைக் கழற்றும்போது மட்கார்டு குறுக்கே நிற்கும். முன்பக்கம் திறந்ததில் சக்கரம் சுலபமாக இறங்கும், நட்டை மட்டும் நன்றாக முறுக்கி வைக்க வேண்டும். பாரம் ஏற்றுகிற எனக்குப் பின்பக்கம் திறந்ததுதான் பிடிக்கும். லேசாக ஓட்டுகிறவர்களுக்கு எது கிடைத்தாலும் சரி.

நட்டில் எத்தனை பொருள் தொங்குகிறது

குந்துகால் போகும் ரோட்டில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். முள் குத்தாமல் ஒரு மாதம் போனால் அது நல்ல மாதம். பின் சக்கரம் பஞ்சரானால் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நட்டைக் கழற்றினால் முதலில் ஒரு வாஷர் வரும். அதற்குக் கீழே கேரியரின் கால். அதற்குக் கீழே மட்கார்டு கம்பியின் வளையம். பிறகு ஸ்டாண்டின் தகடு. அதற்கும் உள்ளே செயின் அட்ஜஸ்டர். கேரியரில் மூட்டை இருந்தால் அதை இறக்க வேண்டும், ஏனென்றால் கேரியர் இப்போது எதிலும் நிற்கவில்லை. ஸ்டாண்டும் கழன்றுவிட்டது, அதனால் சைக்கிளும் நிற்காது. பஞ்சர் ஒட்டின பிறகு இதையெல்லாம் அதே வரிசையில் கோக்க வேண்டும். ஒரு கையில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் வளையங்களைக் கோத்து, மூன்றாவது கைக்கு ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட வேண்டும். செயினை இறுக்கும்போதும் இதே பாடு: சக்கரம் நகர்ந்தால் கேரியரும் மட்கார்டும் கூடவே நகரும்.

பிரேமிலேயே இதற்குத் தனி ஓட்டைகள் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. காடிக்கு மேலே தகட்டில் 5 மி.மீ. போல்ட் போகிற அளவில் மரை வெட்டிய ஓட்டை இருக்கிறதா பாருங்கள். ஒன்று இருந்தால் நல்லது, மட்கார்டுக்கு ஒன்று கேரியருக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். முன் ஃபோர்க்கின் அடியிலும் ஒரு ஓட்டை வேண்டும். சீட்டுக்குக் கீழே பின் கம்பிகள் சேருமிடத்தில் கேரியரின் மேல் பக்கத்துக்கு ஓட்டை இருந்தால் இன்னும் உறுதி. இல்லாத பிரேமில் கிளாம்ப் போட்டுப் பிடிக்கலாம், ஆனால் கிளாம்புக்கு அடியில் பெயிண்ட் உரியும், அங்கேதான் உப்பு முதலில் போய் உட்காரும். ஸ்டாண்டுக்கும் இதே விதி: பி.பி.க்கு, அதாவது பெடல் அச்சு சுழலும் கூட்டுக்கு, பின்னால் ஸ்டாண்ட் மாட்ட ஒரு தகடு வெல்டு செய்திருந்தால் அது நல்ல பிரேம்.

டயருக்கும் மட்கார்டுக்கும் இடம்

மணலுக்கும் முள்ளுக்கும் ஒல்லி டயர் ஆகாது. 28 x 1½ டயரின் அகலம் 40 மி.மீ.யை ஒட்டி இருக்கும், அதற்குக் குறைந்து போகாதீர்கள். டயர் மாட்டியிருக்கும்போது பி.பி.க்குப் பின்னால் இரண்டு கம்பிக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாகப் போக வேண்டும். மேலே மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவிலும் அப்படியே. கரையில் இது அவ்வளவாகத் தெரியாது. மழைக்குப் பிறகு முதுகுளத்தூர், கமுதி பக்கம் கரிசலில் ஒரு தடவை இறங்கினால் தெரியும்: மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவே சுற்றாது.

எந்த அளவுச் சக்கரம் என்பதைப் பிரேம்தான் முடிவு செய்கிறது. எங்கள் பக்கத்துச் சின்னக் கடைகளில்கூட 28 x 1½, 26 x 1⅜, அப்புறம் 26 x 1.95 மாதிரி தடி டயர்கள் கிடைக்கும். 700சி டயர் கேட்டால் பெரும்பாலும் டவுனுக்குத்தான் போக வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. 26 x 1⅜ ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 590 மி.மீ., 26 x 1.95-இல் 559 மி.மீ. இரண்டுமே 26தான், ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. அதேபோல 28 x 1½-க்கு 635, 700சி-க்கு 622. அளவு கேட்கும்போது பின்னால் இருக்கும் அந்தச் சின்ன எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். வி-பிரேக் மாட்டும் குமிழ்களை வெல்டு செய்த பிரேம் என்றால் அந்த ஒரு ரிம் அளவோடு கட்டுப்பட்டுவிடும். காலிப்பர் பிரேக்குக்கு நடுவில் ஓட்டை மட்டும் போட்டிருந்தால் கொஞ்சம் மாற்றிப் போட வழியுண்டு.

பின்பக்க டிஸ்க் பிரேக் நமக்கு வேண்டாம். செயினை இறுக்க ஆக்ஸிலைத் தள்ளும்போதெல்லாம் டிஸ்க்கும் நகரும், காலிப்பர் நின்ற இடத்தில் நிற்கும், மறுபடி சரிசெய்ய வேண்டும்.

பார் வேண்டுமா, வேண்டாமா

என் சைக்கிளில் குறுக்கு பார் கிடையாது. அது சேலை கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிற ஆண்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கேரியரில் மீன் பெட்டியைக் கட்டின பிறகு காலை எங்கே தூக்கிப் போடுவீர்கள்? பின்னால் பெட்டி, முன்னால் பார். கைலியோடு சைக்கிளைச் சாய்த்து, காலை மடக்கி, தடுமாறி ஏறுவதைத்தான் தினமும் படகுத் துறையில் பார்க்கிறேனே. பாரம் கட்டுகிறவர்களுக்குப் பார் இல்லாத பிரேம் வசதி.

ஆனால் அதில் ஒரு குறையும் உண்டு. நடுவில் ஒரே ஒரு குழாய் மட்டும் வளைந்து இறங்கினால் பிரேம் முறுக்கிக் கொடுக்கும். பின்னால் குடம் இருக்கும்போது ஹேண்டில்பார் தானாக ஆட ஆரம்பிக்கும். இரண்டு குழாய்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சாய்ந்து இறங்கி, சீட் குழாயில் இடைவெளி விட்டுச் சேர்ந்தால் அந்த ஆட்டம் குறையும். கடையிலேயே சோதிக்கலாம். ஒரு கையால் சீட்டையும் இன்னொரு கையால் ஹேண்டில்பாரையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். பக்கத்தில் நிற்கும் பார் வைத்த சைக்கிளையும் அப்படியே முறுக்குங்கள். வித்தியாசம் கைக்கே தெரியும். மூட்டை தினமும் 40, 50 கிலோ என்றால் நானும் டபுள் பார் வைத்ததைத்தான் சொல்வேன், காலை எப்படியோ மடக்கிக்கொள்ளட்டும்.

பி.பி. நடுவிலிருந்து பின் ஆக்ஸில் நடு வரைக்கும் அளந்து பாருங்கள். 45 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் பக்கவாட்டில் பை தொங்கினாலும் குதிகால் இடிக்காது. ஹேண்டில்பார் நெக் பழைய மாதிரியாக, மேலே ஒரு போல்ட்டைத் தளர்த்தி ஒரு தட்டுத் தட்டினால் ஏறி இறங்குவதாக இருக்கட்டும். காற்று மாதத்தில் இரண்டு விரல் இறக்கிக்கொள்ளலாம்.

இரும்பா அலுமினியமா

மெக்கானிக் தம்பி ஒருவரோடு எனக்கு இதில் ஓயாத வழக்கு.

"அலுமினியம் துருப்பிடிக்காதுக்கா, உங்க ஊருக்கு அதான் சரி."

"சரி தம்பி, விரிசல் விட்டா பாம்பன்ல யாரு ஒட்டுவா?"

மீன்பிடிப் போட்டுக்கு வெல்டிங் அடிக்கிற பட்டறை எங்கள் கரை முழுக்க இருக்கிறது. இரும்புப் பிரேமில் எது விட்டாலும் அன்றைக்கே ஒட்டி வாங்கிவிடலாம். சைக்கிள் அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் வேண்டும், ஒட்டின பிறகு மறுபடி சூட்டில் வைத்துப் பதப்படுத்தாவிட்டால் அந்த இடம் பழைய பலத்துக்கு வராது. துருப்பிடிக்காது என்பதும் பாதி உண்மைதான். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேருமிடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும், போல்ட் கழற்ற வராது. இரும்புப் பிரேமில் அலுமினிய சீட் கம்பி போட்டாலும் இதே வம்பு. கிரீஸ் தடவாமல் விட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

இரும்பை எடுப்பதென்றால் அது எங்கே அரிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் மழையே இல்லாத நாளிலும் பிரேம் லேசாக நனைந்தபடிதான் இருக்கும். வெளியே பிடிக்கும் துரு கண்ணுக்குத் தெரியும், துடைக்கலாம். குழாய்க்குள்ளே பிடிப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். சீட் கம்பிக்குக் கீழே குழாயில் ஒரு பிளவு இருக்கும். அது பெரும்பாலும் பின்பக்கம் பார்த்திருப்பதால் டயர் வாரியடிக்கும் தண்ணீர் அது வழியே இறங்கி பி.பி. கூட்டில் தேங்கும். அந்தக் கூட்டின் அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் 5 மி.மீ. டிரில்லில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பிரேமில் நான் பிறகு சேர்க்கச் சொல்லும் ஓட்டை இது ஒன்றுதான்.

பி.பி. கூட்டின் மரையும் முக்கியம். 68 மி.மீ. அகலம், பி.எஸ்.ஏ. மரை என்று கேளுங்கள். அதில் இன்றைக்குக் காட்டர் பின் வைத்த பழைய கிராங்க் ஓடினாலும், நாளைக்குக் கிராங்க்கை மாற்றி சீல் வைத்த பி.பி. போட முடியும். பால்ஸில் மணல் ஏறி அரைக்கும் சத்தத்துக்கு அதுதான் மருந்து. பழைய பிரேம் என்றால் ஒரு புதுக் கப்பைக் கையாலேயே திருகிப் பார்த்துவிடுங்கள். வலது பக்கக் கப்புக்கு மரை தலைகீழ், இடது பக்கம் திருப்பினால்தான் ஏறும்.

பழைய பிரேம் எடுப்பவர்களுக்கு

பழசு கேவலம் ஒன்றும் இல்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள், பிள்ளை காலேஜுக்குப் போனதும் பல வீட்டில் சுவரோரம் நிற்கும். கியர் இல்லாத இரும்புப் பிரேம், நம் தேவைக்குக் கிட்டத்தட்ட எல்லாம் இருக்கும். ஆனால் மூன்று இடத்தைச் சோதிக்காமல் எடுக்காதீர்கள். பி.பி. கூட்டுக்குச் சற்றுப் பின்னால் கம்பிகளின் அடிப்பக்கத்தை ஒரு ஆணியால் அழுத்துங்கள், உள்ளே இறங்கினால் வேண்டாம். பெயிண்ட் கொப்பளித்திருக்கும் இடத்தை ஸ்பேனரால் தட்டுங்கள். நல்ல குழாய் கணீரென்று கேட்கும், அரித்த இடம் சொத்தையாக ஒலிக்கும். சீட் கம்பி ஏறி இறங்குகிறதா பாருங்கள்.

அப்புறம் கோட்டம். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, தங்கூசி நரம்பு (தூண்டில் போடும் நைலான் இழை) ஒரு துண்டை ஒரு பக்கக் காடியில் கட்டி, முன்னால் ஹேண்டில்பார் நுழையும் குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து, மறுபக்கக் காடியில் இழுத்துக் கட்டுங்கள். நரம்பு தொய்யக் கூடாது. இப்போது சீட் குழாயிலிருந்து நரம்பு வரைக்கும் இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளங்கள். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் பின்பக்கம் ஒருபக்கமாக வளைந்திருக்கிறது, செயின் நேர்கோட்டில் ஓடாது. அதே நேரத்தில் இரண்டு பக்கக் காடித் தகட்டுக்கும் நடுவே உள்ள அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரோட்ஸ்டர் வகையில் அது 110 மி.மீ.யை ஒட்டி இருக்கும், கியர் சைக்கிள் பிரேமில் 135 வரை போகும். ஹப் வாங்கும்போது இந்த எண் கையில் இல்லாமல் போனால் இரண்டு நடை.

பிரேமை எடுத்தாயிற்று என்றால் எதையும் மாட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். குழாய்க்குள் துருப்பிடிக்காமல் இருக்க, போட்டு இன்ஜினில் வடித்த கழிவு ஆயிலை உள்ளே ஊற்றச் சொல்வார்கள். நான் புது ஆயில்தான் ஊற்றுவேன், 100 மில்லி போதும். வடிகால் ஓட்டையிலும் பி.பி. கூட்டின் இரண்டு வாயிலும் துணியைத் திணித்துவிட்டு, சீட் குழாய் வழியாக ஊற்றி, பிரேமைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். குழாய்களின் உள்பக்கம் முழுக்க நனைந்ததும் துணியை எடுத்துவிட்டு, அடியில் ஒரு டப்பாவை வைத்து ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் பிரேக் கட்டை படுகிற பக்கம் எதிலும் ஆயில் ஒழுகாதபடி துடைத்துவிட்டு, பி.பி. கப்பின் மரை, சீட் கம்பி, கேரியர் போல்ட் எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவி மாட்டலாம். கச்சான் ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஆண்டுக்கொரு தடவை சீட் கம்பியை உருவி இன்னும் கொஞ்சம் ஊற்றி வையுங்கள்.